பத்து வருஷம் யாரும் வாங்காத ஸ்கேட்

ஐஸ் ஸ்கேட் எல்லாமே ஒண்ணுதான்னு நானும் நினைச்சிட்டு இருந்தேன். அப்படி இல்லை. ஃபிகர் ஸ்கேட்டோட பிளேடு முனையில பல் பல்லா வெட்டியிருக்கும், குதிக்க அது வேணும். ஹாக்கி ஸ்கேட்டோட பிளேடு குட்டை, ரெண்டு முனையும் வளைஞ்சிருக்கும், சட்டுனு திரும்ப அது வேணும். வேகப் பந்தயத்துக்கு நீளமான, கிட்டத்தட்ட நேரான பிளேடு. என்ன வேலைன்னு தெரிஞ்சா எதை எடுக்கணும்னு முடிவு பண்றது சுலபம்.

ஆனா ஒரே பந்தயத்துக்கு ரெண்டு வகை ஸ்கேட் இருந்து, இதுதான் வேகமா போகும்னு ஒரு விஞ்ஞானி சொல்லியும், முன்னணி வீரர்கள் பத்து வருஷம் கண்டுக்கலைன்னா? இன்னைக்கு அந்தக் கதைதான்.

முதல்ல ஒரு சின்ன சோதனை. நின்ன இடத்துலயே எம்பிக் குதிச்சுப் பாருங்க. குதிகால் முதல்ல மேல போகும், கடைசியா தரையைத் தள்றது கால் விரல்கள். பழைய ஸ்கேட்டுல இதைச் செய்ய முடியாது. பிளேடு ஷூவோட முன்னாடியும் பின்னாடியும் இறுக்கிப் பொருத்தியிருக்கும். குதிகாலைத் தூக்கினா பிளேடோட முனை ஐஸ்ல குத்தி வேகம் குறையும். அதனால கணுக்காலை நீட்டாம, பாதத்தைத் தட்டையா வெச்சே தள்ளணும். காலை முழுசா நீட்டறதுக்குள்ள தள்றது முடிஞ்சிடும். வீரர்கள் சின்ன வயசுல இருந்தே இதைத்தான் பழகினாங்க.

ஆம்ஸ்டர்டாம்ல இருக்கிற ஃப்ரைய பல்கலைக்கழகத்துல உடல் அசைவுகளை ஆராய்ஞ்சவர் ஹெரிட் யான் வான் இங்கன் ஸ்கெனாவ். 1980-கள்ல அவரும் அவரோட குழுவும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. பிளேடை முன்பாதத்துக்குக் கீழ மட்டும் ஒரு கீல் வெச்சுப் பொருத்தணும், கதவுக்கு இருக்குமே அதே மாதிரி. இப்போ குதிகால் மேல போகும், பிளேடு முழுசா ஐஸ்லயே இருக்கும். காலைத் தூக்கினதும் ஸ்பிரிங் பிளேடைத் திரும்ப இழுக்க, 'டக்'னு ஒரு சத்தம். அதனாலதான் இதுக்கு 'கிளாப் ஸ்கேட்'னு பேரு.

முன்னணி வீரர்கள் இதைத் தொடலை. நாம அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓடிட்டு இருக்கிற சிஸ்டத்தை ரிலீஸுக்கு முந்தின நாள் மாத்த நமக்கே கை நடுங்கும். அவங்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு ஒலிம்பிக்ஸ், பழகின கால் வேற.

அப்போ யார் முதல்ல மாறினாங்க? இழக்கிறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லாதவங்க. 1994-95 சீசன்ல தென் ஹாலந்து மாகாணத்து ஜூனியர்கள் 11 பேர் கிளாப் ஸ்கேட் போட்டாங்க. அந்த சீசன்ல அவங்க நேரம் சராசரியா சுமார் 6 சதவீதம் முன்னேறுச்சு. மத்த ஜூனியர்களோட முன்னேற்றம் சுமார் 2.5 சதவீதம்தான்.

அடுத்து நெதர்லாந்துப் பெண்கள் அணி மாறுச்சு. 1997 ஜனவரி, ஹேரன்வேன் நகரத்துல ஐரோப்பிய சாம்பியன்ஷிப். பல வருஷமா அசைக்க முடியாம இருந்த ஜெர்மனியோட குண்டா நீமனை, கிளாப் ஸ்கேட் போட்ட டோனி டி யோங் ஜெயிச்சாங்க. இதைத் தடை பண்ணணும்னு குரல்கள் எழுந்துச்சு. சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் தடை பண்ணலை. அதுக்கப்புறம் எல்லாருக்கும் அவசரம். பல வருஷப் பழக்கத்தை ஒரே வருஷத்துல மாத்தியாகணும்.

1998 பிப்ரவரி, நாகனோ ஒலிம்பிக்ஸ். அங்க எங்க பார்த்தாலும் 'டக் டக்' சத்தம்தான். ஆண்கள் 10,000 மீட்டர்ல 1994-ல யோஹான் ஓலாவ் கோஸ் வெச்ச உலக சாதனை 13 நிமிஷம் 30.55 விநாடி. ஜியானி ரோமே 13:15.33-ல முடிச்சார். 15 விநாடி வித்தியாசம்!

நாகனோ முடிஞ்சு சில வாரத்துல, அதே வருஷம் ஏப்ரல்ல, வான் இங்கன் ஸ்கெனாவ் இறந்துட்டார். அவர் சொன்னது சரின்னு உலகமே ஒத்துக்கிட்டதை அவர் பார்த்துட்டுத்தான் போனார். ஆனா நூலிழையில.

இன்னொண்ணு, குறுகிய வளைவுகள்ல ஓடுற ஷார்ட் டிராக் பந்தயத்துல கிளாப் ஸ்கேட்டுக்கு இன்னைக்கும் அனுமதி இல்லை. அதனால 'எது நல்ல ஸ்கேட்?'னு பொதுவா கேட்டா பதில் கிடையாது. எந்த வேலைக்குன்னு முதல்ல கேளுங்க. அடுத்து, கையில இருக்கிறதை நல்லதுன்னு வெச்சிருக்கோமா, இல்ல பழகிப் போச்சுன்னு வெச்சிருக்கோமான்னு கேளுங்க. அந்த 11 ஜூனியர்கள் போட்டுப் பார்த்தாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்!