வாழவந்திநாட்டில் ஒரு பள்ளி

ஒரு மிஷன் பள்ளியை நிறுவியது யார் என்று கேட்டால் ஓர் ஆணின் பெயர் வரும். பின்னாலேயே அவருடைய துணைவியாரும் என்று ஒரு வால் வரும். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போவதுதான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாட்டில் லுத்தரன் பள்ளிகளின் கதை தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706இல் சீகன்பால்கும் புளூட்சோவும் கரையிறங்கினார்கள். அடுத்த ஆண்டே பள்ளி. ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய பள்ளிகள்தான் அதற்கு மாதிரி. அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி. தரங்கம்பாடியில் பெண்பிள்ளைகளும் படித்தார்கள். 1708இல் சீகன்பால்கு நான்கு மாதம் சிறையில் இருந்தார். ஒரு கடன் வழக்கில் நாவிதர் ஒருவரின் விதவைக்காகப் பேசியதும் அதற்கொரு காரணம். வரலாற்று நூல்களில் அவர் இன்றும் நாவிதரின் விதவைதான்.

கொல்லிமலையில் நான் சொல்லவரும் பள்ளி பாப்டிஸ்டுகளுடையது. சபை வேறு, வால் அதே வால்.

ஈவ்லின் ஹாரிஸ் 1879இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஓவியம் கற்றவர். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டைத் திருமணம் செய்துகொண்டு மலையேறினார். இன்று 70 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஏறுகிறது. அன்று கால்நடை, இல்லாவிட்டால் டோலி. வாழவந்திநாட்டில் மரவீடு கட்டி மருந்து கொடுத்தார்கள், தச்சு கற்பித்தார்கள், பள்ளி நடத்தினார்கள். மலையாளிப் பழங்குடி மக்கள் பல ஆண்டுகள் மருந்தை வாங்கிக்கொண்டு மதத்தை விட்டுவிட்டார்கள். முதல் உலகப்போர் முடியும்போது பரவிய விஷக்காய்ச்சலில் மடிந்த பூசாரி ஒருவர் தன் பெண்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். அதன்பிறகே ஊர் நெருங்கியது. அந்தக் குழந்தையை வளர்த்த வேலை யாருடையது என்று சொல்லவேண்டியதில்லை.

ஈவ்லின் தன் மகன் பாலுக்கும் மகள் கோனிக்கும் தானே பாடம் சொல்லிக்கொடுத்தார். பால் பலாமரத்தில் ஏறி உட்கார்ந்து எழுதி, தாளைக் கீழே போடுவானாம். (பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் இவர்தான்.) 1923இல் ஒன்பது வயதுப் பாலையும் தங்கையையும் இங்கிலாந்தில் படிக்க விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பினார்கள். மலைப் பிள்ளைகளுக்குப் போதும் என்ற படிப்பு சொந்தப் பிள்ளைகளுக்குப் போதவில்லை. இதைத் தியாகம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் தொண்டையில் நிற்கிறது. காலனியக் குடும்பங்களில் அது வழக்கம்தான். ஆனாலும் ஊரார் பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தவர், தன் பிள்ளைகளுக்குக் கடிதமாக மட்டும் இருந்தார். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தபோது பால் அப்பாவைப் பார்த்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கணவர் போனதும் மிஷன் ஈவ்லினைச் சமவெளிக்கு அனுப்பியது. மலைக்கு வேண்டியது தம்பதி, தனிப்பெண் அல்ல! 1940களின் பிற்பகுதியில், வயதாகிவிட்டது, இனி அனுப்பமாட்டோம் என்றார்கள். இன்னும் ஓர் ஆண்டு மட்டும் என்று கெஞ்சி வாங்கி, அது முடிந்ததும் ஓய்வுபெற்றதாகச் சொல்லிவிட்டு, யாருடைய உத்தரவும் இல்லாமல் கொல்லிமலை ஏறிவிட்டார். அப்போது வயது எழுபதை நெருங்கியிருந்தது. ஜெஸ்ஸியோடு சேர்ந்து பார்த்துவைத்திருந்த மற்ற மலைகளுக்கும் மட்டக்குதிரையில் போனார். விழுந்து எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். டாக்டர் மகன் கீழே வந்துவிடச் சொன்னபோதும் கேட்கவில்லை.

கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். 1974இல், 95 வயதில் இறந்தார். சவப்பெட்டிக்கு மரத்தை வீணாக்காதீர்கள் என்று சொல்லியிருந்ததால், பருத்தித் துணியில் சுற்றி மலையிலேயே புதைத்தார்கள்.