கேதார்நாத், பத்ரிநாத் குடும்ப யாத்திரை: வீட்டுப் பெரியவர்களை வைத்துத் திட்டமிடுங்கள்

இமயமலைக் கோயில்களுக்கு ஒருமுறையாவது போய்வர வேண்டும் என்பது நம் வீடுகளில் பல தாத்தா பாட்டிகளின் நெடுநாள் ஆசை. அந்தக் கோயில்கள் தமிழருக்கு அந்நியமானவை அல்ல. கேதார்நாத்தைத் திருக்கேதாரம் என்று சம்பந்தரும் சுந்தரரும் பாடியுள்ளனர். திருவதரி எனப்படும் பத்ரிநாத், பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திவ்விய தேசம்.

பெரும்பாலான குடும்பங்கள் விமான டிக்கெட் விலையைப் பார்த்துத்தான் திட்டத்தைத் தொடங்குகின்றன. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, வருபவர்களில் மூத்தவரின் உடல்நிலையை.

இரண்டும் ஒரே மாதிரி அல்ல

கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் உள்ளது. கெந்திங் மலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உயரம். அங்கு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். வாகனங்கள் சோன்பிரயாகையோடு நின்றுவிடும். அங்கிருந்து உள்ளூர் ஜீப்பில் கௌரிகுண்ட் போய், பிறகு சுமார் 16 கிலோமீட்டர் மலையேற வேண்டும். பத்துமலையின் 272 படிகளைச் சிரமமின்றி ஏறுபவருக்கும் இது கடினமான பாதைதான்.

பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர் உயரம். ஆனால் கோயிலுக்கு அருகில்வரை வாகனத்திலேயே போகலாம். முட்டிவலி உள்ள பெரியவர்களுக்கு எளிதான தலம் இது. கோயிலுக்குக் கீழே தப்த குண்டம் என்னும் வெந்நீர் ஊற்று உள்ளது. முன்னோருக்குத் திதி கொடுக்கும் பிரம்மகபாலமும் அருகிலேயே இருக்கிறது.

எப்போது போகலாம்?

கேதார்நாத் நடை ஏப்ரல் இறுதி அல்லது மே மாதம் திறந்து, தீபாவளிக்குப் பிறகு மூடப்படும். பத்ரிநாத் நவம்பர் நடுப்பகுதிவரை திறந்திருக்கும். கேதார்நாத் நடை திறக்கும் நாள் மகா சிவராத்திரியன்றும், பத்ரிநாத் நாள் வசந்த பஞ்சமியன்றும் அறிவிக்கப்படும். அதற்குமுன் விமான டிக்கெட் வாங்க அவசரப்பட வேண்டாம்.

மே, ஜூன் பள்ளி விடுமுறை வசதிதான். ஆனால் அப்போதுதான் கூட்டம் மிக அதிகம். ஜூலை, ஆகஸ்டில் மழையும் மண்சரிவும் சாலைகளை அடைத்துவிடும். 2013 ஜூன் வெள்ளத்தில் கேதார்நாத் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்ததை மறக்கக்கூடாது. பெரியவர்களோடு போவதற்குச் செப்டம்பர் பிற்பகுதியும் அக்டோபரும் ஏற்ற காலம். குளிர் கூடுதலாக இருக்கும், கூட்டம் குறைவாக இருக்கும்.

பதிவும் பயணமும்

மலேசியர், சிங்கப்பூரர் இருவருக்கும் இந்திய விசா தேவை. அதோடு, உத்தராகண்ட் மாநில அரசிடம் யாத்திரைப் பதிவும் கட்டாயம். அரசின் இணையத்தளத்தில் பதிவு செய்யலாம். ஒவ்வொருவரின் கடப்பிதழ் விவரங்களையும் தயாராக வைத்திருப்பது நல்லது. பதிவு இல்லாதவர்கள் வழியிலேயே திருப்பி அனுப்பப்படலாம்.

டில்லியிலிருந்து ஹரித்வார் சுமார் 220 கிலோமீட்டர். ரிஷிகேஷ், தேவபிரயாகை வழியாக ருத்ரபிரயாகை சென்றதும் சாலை பிரியும். ஒன்று குப்தகாசி வழியாகக் கேதார்நாத் பக்கமும், மற்றொன்று ஜோஷிமட் வழியாகப் பத்ரிநாத்துக்கும் போகும். இரண்டு தலங்களுக்கும் டில்லியிலிருந்து போய்வரக் குறைந்தது 10 நாள் வேண்டும். மண்சரிவால் சாலை அடைபட்டால் சமாளிக்க மேலும் 2 நாள் கையில் இருக்கட்டும். மலைச்சாலையில் இருட்டுமுன் தங்குமிடம் சேருவதுபோல் ஒவ்வொரு நாளையும் அமைத்துக்கொள்ள வேண்டும்.

குதிரை, டோலி, ஹெலிகாப்டர்

நடக்க முடியாதவர்களுக்குக் குதிரையும், ஆட்கள் சுமக்கும் டோலியும் உண்டு. அரசு நிர்ணயித்த கட்டணத்தை முன்பணக் கவுண்டரில் கட்டி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஹெலிகாப்டர் குப்தகாசி, பாட்டா, சிர்சி ஆகிய இடங்களிலிருந்து புறப்படுகிறது. இதற்கான டிக்கெட்டை இந்திய ரயில்வேயின் ஐஆர்சிடிசி நிறுவனம் நடத்தும் தளத்தில்தான் வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் டிக்கெட் தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் ஏராளம். வானிலை மாறினால் சேவை உடனே நிறுத்தப்படும். 2025 ஜூனில் கௌரிகுண்ட் அருகே நடந்த விபத்தில் 7 பேர் இறந்தனர். ஆகவே, ஹெலிகாப்டர் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். சோன்பிரயாகையிலிருந்து 12.9 கிலோமீட்டர் ரோப்கார் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. அது கட்டி முடிய இன்னும் காலம் ஆகும்.

உடல்நிலை

இதய நோய், ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உயரநோய்க்கான மாத்திரை தேவையா என்பதையும் அவரிடமே கேட்க வேண்டும். மருந்துகளைக் கூடுதல் நாள்களுக்குச் சேர்த்து, கைப்பையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. பயணக் காப்புறுதி அந்த உயரத்துக்கும் செல்லுபடியாகுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைவலி, வாந்தி, தூக்கமின்மை ஆகியவை உயரநோயின் தொடக்கம். மேலும் ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். தள்ளாட்டம், குழப்பம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் வந்தால், இரவானாலும் கீழே இறக்க வேண்டும். இறக்குவதுதான் முதல் மருந்து. கோயில் கண்ணுக்குத் தெரிகிறதே என்று தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

ஏற முடியாதவர்களுக்கு

குப்தகாசிக்கு எதிரே உள்ள மலையில் உக்கிமட் உள்ளது. குளிர்காலத்தில் கேதார்நாதரின் உற்சவ மூர்த்தி ஆறு மாதம் வீற்றிருந்து பூசை ஏற்பது இங்குள்ள ஓம்காரேஸ்வரர் கோயிலில்தான். வாகனத்திலேயே போகலாம். இளையவர்கள் கேதார்நாத் ஏறும் நாள்களில், பெரியவர்கள் குப்தகாசியில் தங்கி இங்கு தரிசனம் செய்யலாம். பிறகு எல்லாரும் சேர்ந்து பத்ரிநாத் போகலாம்.

யார் ஏறுவது, பெரியவர்களுக்குத் துணையாக யார் கீழே தங்குவது, யாருக்காவது முடியவில்லை என்றால் திரும்பலாம் என்று முடிவெடுப்பது யார்? இந்த மூன்றையும் டிக்கெட் வாங்குமுன் வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மலைப்பாதையில் நின்றுகொண்டு, 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே' என்ற எண்ணத்தோடு எடுக்கும் முடிவு சரியாக அமைவது கடினம்.