மேலாணை வாதம்

போரில் இழைத்த குற்றத்துக்கு மேலதிகாரியின் உத்தரவைக் காரணம் காட்டிப் படைவீரர் பொறுப்பிலிருந்து விலக்குக் கோருவது மேலாணை வாதம் எனப்படும். ஆணை குற்றத்தையே துடைத்துவிடுமா, தண்டனையை மட்டும் குறைக்குமா என்றுதான் சட்டம் ஆராய்கிறது. மன்னிப்பு அதற்கு வெளியே உள்ளது; அதை வழங்கும் உரிமை பாதிக்கப்பட்டோருக்கே உண்டு.

இவ்வாதம் எழுந்த முதல் பெரிய வழக்கு 1474இல் ரைன் ஆற்றங்கரையிலுள்ள பிரைசாக் நகரில் நடந்தது. பர்கண்டிக் கோமகன் சார்லசின் ஆளுநர் பீட்டர் ஃபொன் ஹாகென்பாக், கொலை, வன்புணர்ச்சி உள்ளிட்ட கொடுமைகளுக்காக நேச நகரங்களின் 28 நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டார். கோமகனின் கட்டளையைக் கேள்வி கேட்கும் அதிகாரம் தமக்கில்லை என்றார். கோமகனிடமே கேட்டு உறுதிப்படுத்த அவகாசமும் வேண்டினார். நீதிபதிகள் இரண்டையும் மறுத்தனர். வீரப்பட்டம் பறிக்கப்பட்டு, மே 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

முதல் உலகப்போர்க் குற்றங்களுக்காக 1921இல் லைப்சிக் நகரில் ஜெர்மானிய நீதிமன்றமே தன் நாட்டவரை விசாரித்தது. டோவர் கேசில் என்ற மருத்துவக் கப்பலை மூழ்கடித்த நீர்மூழ்கித் தலைவர், கடற்படைத் தலைமையின் ஆணைப்படி நடந்ததால் விடுவிக்கப்பட்டார். லாண்டோவரி கேசில் வழக்கு வேறு. 1918 ஜூன் 27 அன்று அப்பெயருடைய மருத்துவக் கப்பலை மூழ்கடித்த ஜெர்மானிய நீர்மூழ்கியினர், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தவர்களையும் சுட்டார்கள். 234 பேர் மாண்டனர், 24 பேரே பிழைத்தனர். ஆணையிட்ட தலைவர் பிடிபடவில்லை. கீழ்நிலை அதிகாரிகள் இருவருக்குத் தலா 4 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. கரைசேரத் தவிப்போரைச் சுடுவது குற்றம் என அறியாதவர் எவருமில்லை என்பதே தீர்ப்பின் சாரம். பின்வந்த பல வழக்குகளுக்கு இது அடித்தளமானது.

நாஜித் தலைவர்களை விசாரிக்க 1945இல் உருவான நியூரம்பெர்க் சாசனத்தின் 8ஆம் பிரிவு, ஆணை குற்றத்தை நீக்காது, தண்டனையைக் குறைக்கலாம் என வரையறுத்தது.

வியட்நாமின் மை லாய் கிராமத்தில் 1968 மார்ச் 16 அன்று அமெரிக்கப் படையினர் கொன்ற ஊர்மக்கள், வியட்நாம் அரசின் கணக்குப்படி, 504 பேர். 22 பேரைக் கொன்றதாக லெப்டினன்ட் வில்லியம் கேலிக்கு 1971இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது, வேறெவரும் தண்டிக்கப்படவில்லை. அதிபர் நிக்சன் அவரை வீட்டுக்காவலுக்கு மாற்றினார். 1974இல் கேலி வெளியே வந்தார். கொன்ற நாடே காட்டிய இந்தச் சலுகையை மன்னிப்பென்று சொல்ல முடியாது. 2009இல் அவர் வருத்தம் தெரிவித்ததும் பாதிக்கப்பட்டோர் முன் அல்ல, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில்தான். ஆணைக்குப் பணிந்ததாகவே அப்போதும் சொன்னார். மை லாய் படுகொலை நடந்த நாளிலேயே அதே படையைச் சேர்ந்த ஹியூ தாம்சன் தம் ஹெலிகாப்டரைத் துப்பாக்கிகளுக்கும் ஊராருக்கும் இடையே இறக்கி, உயிர்களைக் காத்தார். மறுக்க வழியே இல்லை என்ற வாதம் அங்கு நிற்கவில்லை.

மறுத்தால் சாவு என்ற நிலை கடினமானது. போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையில் சுட்ட டிராசென் எர்டெமோவிச், மறுத்திருந்தால் தம்மையும் வரிசையில் நிறுத்தியிருப்பார்கள் என்றார். அச்சுறுத்தல் கொலைக்கு முழுத் தற்காப்பாகாது என 1997இல் சர்வதேசத் தீர்ப்பாயத்தின் மேல்முறையீட்டு நீதிபதிகள் ஐவரில் மூவர் முடிவு செய்தனர். மறு ஆண்டு அவருக்கு 5 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

மேலாணை வாதம் குறித்து இப்போது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின் 33ஆம் பிரிவு நடைமுறையிலுள்ளது. இந்தியா, அமெரிக்கா, இலங்கை அதில் உறுப்பினரல்ல.