டைனோசர் முட்டையும் குன்னத்துக் கல்லும்

போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வர்க்கலைக்குப் போயிருந்தோம். கழக்கூட்டத்தில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரம்தான். எல்லோரும் கடலைப் பார்க்க, மகள் மட்டும் பின்னாலிருந்த செங்குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இதுக்குள்ளயும் நம்ம ஊர் முட்டை மாதிரி இருக்குமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காரணம் இருக்கிறது.

2020 அக்டோபரில் எங்கள் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில், ஏரியில் மண் எடுத்தபோது பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பில் படம் பறந்தது. "கண்டதையும் நம்பாதீங்க" என்று தினமும் வாடிக்கையாளர்களுக்குப் பாடம் நடத்தும் அடியேனும், பெருமை தாங்காமல் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினேன் :-) நிலவியல் அறிஞர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, கடலடிப் படிவில் உருவான கற்கள் என்றார்கள். "அட, வெறும் கல்லா" என்று மறந்துவிட்டோம்.

அந்த "வெறும் கல்" தப்பு. பி.காம். படித்தவனுக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

கிரெட்டேசியஸ் காலத்தில் (14.5 கோடியிலிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை) எங்கள் பக்கத்தில் கடல் இருந்தது. அதில் அம்மோனைட் என்ற உயிர்கள் சுருள் ஓட்டோடு வாழ்ந்தன. கணவாய்க்குத் தூரத்து உறவு. இறந்த உயிர் மணலில் புதைந்து அழுகும்போது, நுண்ணுயிர்களால் சுற்றியுள்ள நீரின் தன்மை மாறும். மணல் இடுக்கில் ஊறிய நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு அங்கே படிந்து, மணலைச் சிமெண்ட் மாதிரி இறுக்கும். நடுவில் ஒரு கரு, நாலாபுறமும் வளர்ச்சி. உருண்டை வடிவம் அப்படித்தான் வருகிறது. எல்லாக் கல்லுக்குள்ளும் ஓடு இருக்கும் என்றில்லை. இருந்தால், மேலே எவ்வளவு பாரம் ஏறினாலும் நசுங்காமல் கிடக்கும். எங்கள் பாஷையில் சொன்னால், அது முட்டை இல்லை, லாக்கர்!

இந்த வட்டாரத்துப் புதைபடிவங்களை 1840களில் சேகரித்தவர்களில் ஒருவரான கே, சென்னை மாகாண சிவில் சர்வீஸ்காரர். என்னைப் போல உத்தியோகஸ்தர்தான். அவற்றை 1846-இல் லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் விவரித்தார். பிறகு பிளான்ஃபோர்ட் இந்தப் பாறைகளை ஆய்வு செய்தார். ஸ்டோலிச்கா 1860களில் அம்மோனைட்டுகளை விரிவாக எழுதினார். உலகம் படித்த எங்கள் ஊர்க் கல்லை நான் 2020-இல்தான் பார்த்தேன், அதையும் முட்டை என்று!

சரி, மகள் கேள்விக்கு வருவோம். வர்க்கலைப் பாறை எங்கள் ஊர்ப் பாறையைவிட மிக இளையது. 1882-இல் வில்லியம் கிங் இதைப் பற்றி எழுதினார். மேலே வெட்டுக்கல் (நம்மூர் செம்புறாங்கல்), கீழே மணற்பாறையும் களிமண்ணும், நடுநடுவே பழுப்பு நிலக்கரி. கரி கலந்த அந்தக் களிமண்ணில் மார்க்கசைட் உருண்டைகள் உண்டு. அங்கே சுண்ணாம்பு, இங்கே, காற்றுப் புகாத சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. சரக்கு வேறு, வளரும் விதம் ஏறக்குறைய அதேதான்.

"இருக்கும்மா, ஆனா தோண்டக் கூடாது" என்றேன். இந்தக் குன்று தேசிய நிலவியல் நினைவுச்சின்னம்.

வீட்டுக்கு வந்ததும் குடும்பக் குழுவில், இத்தனை வருஷம் தாமதமாக, திருத்தம் போட்டேன். சித்தப்பாவிடமிருந்து உடனே பதில்: "அப்ப நம்ம தொழுவத்துல கிடக்கிற உருண்டைக் கல்லு?"

உடைக்காமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த லீவுக்குப் பிள்ளைகளோடு ஊருக்குப் போகும்போது, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்கும் சாத்தனூர் கல்மரத்துக்கும் போவதாகத் திட்டம். அந்தப் பக்கம் போகிறவர்கள் நீங்களும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.