வாடகை அறையும் நமது முகவரியும்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், அது பிறந்த இடத்தை முதற்கண் நினைவுகூரக் கடமைப்பட்டுள்ளோம். சென்னை நகரத்துப் பழைய அடுக்குக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. அதுவே நமது முதல் அலுவலகம். சங்கத்தைப் பதிவு செய்ய முகவரி வேண்டும்; வங்கிக் கணக்குத் தொடங்க முகவரி வேண்டும்; ஏழை மாணவனின் விண்ணப்பம் வந்து சேரவும் முகவரி வேண்டும். ஆனால் அந்த அறை எளிதில் கிட்டவில்லை. முன்பணத்தையும் வாடகையையும் பேசி முடித்த சிலர், சங்கத்தின் நோக்கத்தைக் கேட்டறிந்த மறுநாளே, “வேறொருவருக்கு முன்பே வாக்குக் கொடுத்துவிட்டோம்” என்றனர். வாக்குக் கொடுத்த அந்த வேறொருவரை நாம் எங்கும் கண்டதில்லை.

இவ்வனுபவம் நமக்கு மட்டும் உரியதன்று. 1917ஆம் ஆண்டில், வெளிநாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய டாக்டர் அம்பேத்கர், பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். அவருக்கு அரசு அலுவலகத்தில் நாற்காலி இருந்தது. ஊரில் தங்க அறை இல்லை. பார்சி விடுதியொன்றில் பெயரை மாற்றிக்கொண்டு தங்கினார். பதினொன்றாம் நாள் தடியேந்தி வந்த கூட்டம் அவரை வெளியேறப் பணித்தது. நண்பர் இருவரை நாடினார், அவர்களும் கைவிரித்தனர். பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார். படிப்பும் பதவியும் இருந்தும், ஓர் அறை கிடைக்காமையால் அப்பணியே முடிவுற்றது.

பம்பாயில் மட்டும் சாதி இல்லையா எனக் கேட்கலாம். இருந்தது, எனினும் ஆலைகள் நிறைந்த பரேல் பகுதியில் உழைப்பாளர் பெருக்கம் சில கதவுகளைத் திறந்து வைத்தது. 1896இல் பரவிய கொள்ளைநோயை அடுத்து, 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைக்கப்பட்டது. ‘சால்’ எனப்படும் பல அடுக்குக் குடியிருப்புகளை அது எழுப்பியது. நீண்ட தாழ்வாரம், வரிசையாகச் சிற்றறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம் என்பதே அவற்றின் அமைப்பு. அத்தகைய குடியிருப்பொன்றில்தான் அம்பேத்கர் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

1920 ஜனவரி 31ஆம் நாள் ‘மூக்நாயக்’ இதழ் வெளிவந்தது. கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜர் இதற்கு 2,500 ரூபாய் நன்கொடை அளித்தார். பரேல், போய்பாவடியில் இருந்த ஹரார்வாலா கட்டடத்தின் 14ஆம் எண்ணே அவ்விதழின் அலுவலகம். வாயில்லாதோரின் குரலுக்கு அதுவே முகவரியாயிற்று. 1924 ஜூலை 20இல் தோன்றிய ‘பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை’யும் பரேல் தாமோதர் மண்டபத்தில் அலுவலகம் கொண்டு இயங்கியது. அடுத்த ஆண்டிலேயே அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி தொடங்கியதெனில், ஓர் அலுவலக அறையிலிருந்து எத்துணைப் பணி விளையும் என்பது விளங்கும்.

வாடகைச் சட்டங்களின் வரலாற்றையும் இங்கே சுருங்கக் காண்போம். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், குடியிருப்பு, வணிகம் ஆகியவற்றுக்கு மட்டுமன்றிக் கல்விக்காக விடப்பட்ட இடங்களுக்கும் காப்பளித்தது. பழைய கட்டடங்களுக்கு 1940 செப்டம்பர் முதல் நாளில் நிலவிய வாடகையே அளவுகோலாயிற்று. உள்ளே இருந்தவருக்கு இது அரண். வெளியே நின்றவருக்கோ சுவர். வாடகையை உயர்த்த இயலாத உரிமையாளர்கள், ‘பகடி’ என்னும் பெருந்தொகையைக் கைமாற்றாகப் பெறத் தலைப்பட்டனர். சட்டம் அதைக் குற்றமென்றது. வழக்கமோ அதை நிலைநிறுத்தியது. முடிவில் 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு இசைவளித்தது. பெருந்தொகையும் உரிமையாளரின் மனமும் ஒருங்கே வாய்த்தாலன்றிக் கதவு திறவாத இம்முறையில், பணமும் இல்லாமல் சாதியும் தடையாக நின்றோரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதனாலன்றோ அம்பேத்கர் கல்விப் பணிக்கு நிலையான இடங்களைத் தேடினார்! 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1946இல் சித்தார்த்தா கல்லூரி படைவீரர் கொட்டகைகளில் தொடங்கிற்று. பின்னர் அக்கல்லூரி கோட்டைப் பகுதியில் ஆனந்த பவன், புத்த பவன் என்னும் மாளிகைகளில் நிலைபெற்றது. நகரத்தின் நடுவே, வணிக நிறுவனங்கள் நிறைந்த வீதியில், நம் மக்களின் பிள்ளைகள் படியேறிச் சென்றனர்.

தமிழகத்திலும் நமக்கு முன்னோர் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிட்டார். சேரியிலிருந்து எழுதப்பட்ட கடிதம் சென்று சேர அங்கும் ஒரு முகவரி இருந்தது. அவ்வழியில் வந்ததே நமது மாடியறை. அவ்வறையில் விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொண்ட மாணவர் பலர் இன்று ஆசிரியராகவும் அலுவலராகவும் விளங்குகின்றனர். மாடிப்படியில் கூட்டம் சேரக்கூடாதென்று தடை விதிக்கப்பட்ட நாட்களில், அவர்கள் ஒவ்வொருவராக ஏறிவந்து படித்துச் சென்றதை நாம் மறக்கலாகாது.

1960ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2019 பிப்ரவரி முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்துள்ளது. இனி வாடகை ஒப்பந்தத்தின்படியே அமையும். ஒப்பந்தக் காலம் முடியுந்தோறும் நம் முகவரியும் ஐயத்துக்குள்ளாகும். ஆதலின் இவ்விழா மகிழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. இடம் தந்து உதவிய நல்லோர்க்கு நன்றி கூறுவோம். அடுத்த தலைமுறை எவரிடமும் இடம் கேட்டு நிற்காதவாறு சொந்தக் கட்டடம் எழுப்ப உறுதி பூணுவோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு செங்கல்லின் விலையேனும் அளிக்குமாயின், அது கைகூடாத செயலன்று.