பிளாப்பி போனா மெஷினும் போச்சா? பென் டிரைவ் பிளாப்பியாக மாறுவது எப்படி?

முகப்பேரை ஒட்டிய அம்பத்தூர் தொழிற்பேட்டை மாதிரி இடங்களில், நல்லா ஓடுற பழைய சிஎன்சி மெஷின்கூட ஒரு பிளாப்பி கெட்டால் நின்றுவிடலாம். புதுசு வாங்குவதும் கஷ்டம். சோனியே 2011-ல் ஜப்பானில் பிளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது.

இதற்கு மாற்றுதான் 'கோடெக்' போன்ற பிளாப்பி எமுலேட்டர். பழைய டிரைவைக் கழற்றி இதை மாட்டினால், பென் டிரைவில் உள்ள 'டிஸ்க் இமேஜை' மெஷின் பிளாப்பி என்றே நம்பும்.

இமேஜ் என்றால் போட்டோ இல்லை. பிளாப்பியின் எல்லா செக்டாரையும் வரிசையாக எடுத்த நகல். ஃபைல்களை மட்டும் காப்பி பண்ணினால் பூட் செக்டார் வராது.

முதலில் பிளாப்பி மூலையில் உள்ள சின்னக் கதவைத் தள்ளி ஓட்டையைத் திறந்துவிடுங்க. அப்புறம் அதில் எதுவும் அழியாது. பூஞ்சை பிடித்திருந்தால் டிரைவில் போடவே வேண்டாம், ஹெட்டும் சேர்ந்து கெடும். யுஎஸ்பி பிளாப்பி டிரைவில் போட்டு, விண்டோஸில் 'வின்இமேஜ்', லினக்ஸில் 'டிடி' மூலம் படிக்கலாம். 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் ஓகே கொடுத்துடாதீங்க. பிளாப்பி காலி என்று அர்த்தமில்லை, மெஷினின் சொந்த ஃபார்மட்டாக இருக்கலாம். 1.44 எம்பி பிளாப்பியின் இமேஜ் சரியாக 14,74,560 பைட் இருக்கணும். குறைந்தால் பாதியில் நின்றிருக்கிறது.

அதை பென் டிரைவில் சும்மா இழுத்துப் போட்டால், கோடெக்கின் சொந்த ஃபர்ம்வேர் பெரும்பாலும் படிக்காது. 'ஃபிளாஷ்ஃபிளாப்பி' என்ற இலவச ஃபர்ம்வேர் ஏற்றினால் படிக்கும்.