கொமாலாவின் முதல் வாசகர்கள்

மெக்ஸிகோவில் 1955ஆம் ஆண்டு ஹுவான் ரூல்ஃபோவின் 'பெத்ரோ பாராமோ' வெளியானபோது அச்சிடப்பட்டவை 2000 பிரதிகள். அவை விற்றுத் தீரவே சில ஆண்டுகள் ஆயின. இன்று செவ்வியல் ஆக்கமாக ஏற்கப்பட்டுவிட்ட அந்நாவலை அதன் முதல் வாசகர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மரணப்படுக்கையில் இருந்த தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி, முகமறியாத தந்தையைத் தேடி ஹுவான் பிரெசியாதோ கொமாலா என்னும் ஊருக்கு வருகிறான். அவனுக்கு வழிகாட்டியவன் இறந்தவன். தங்க இடம் கொடுத்தவளும் இறந்தவள். நாவலின் நடுப்பகுதியில், கதை சொல்லும் அவனே புதைகுழிக்குள் கிடந்து பேசிக்கொண்டிருக்கிறான் என்று தெரியவருகிறது. அத்தியாய எண்கள் இல்லை. காலம் முன்னறிவிப்பின்றி மாறுகிறது. பேசுவது யார் என்பதை வாசகனே கண்டுகொள்ள வேண்டும்.

மரியானோ அசுவேலா 1915இல் எழுதிய நாவல் தொட்டு, புரட்சியையும் கிராமத்தையும் யதார்த்தமாகச் சித்திரிக்கும் எழுத்துக்கு மெக்ஸிக வாசகர்கள் பழகியிருந்தனர். ரூல்ஃபோவின் 1953ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுப்பும் அவர்களுக்கு அந்நியமாக இருக்கவில்லை. இந்நாவலோ அவர்களைத் திகைக்க வைத்தது. ரூல்ஃபோவின் நண்பரும் கவிஞருமான அலி சுமாசெரோ, காட்சிகள் அனைத்தும் வந்து கூடும் மையம் ஒன்று நாவலில் இல்லை என்று அதே ஆண்டில் எழுதினார். எழுத்தின் வலிமையை அவர் மறுக்கவில்லை. வடிவமே அவருக்குச் சிக்கலாக இருந்தது. அவ்வாண்டிலேயே கார்லோஸ் பிளாங்கோ அகினாகா ரூல்ஃபோவின் நடையை விரிவாக ஆராய்ந்து பாராட்டினார்.

சுமாசெரோவைப் பிழையாக வாசித்தவர் என்று இன்று எளிதாக ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் கண்டது உண்மை என்றே நான் கருதுகிறேன். கொமாலாவுக்கு மையம் இல்லைதான். பாதிரியார் ரெந்தேரியா பண்ணையாரின் கொடிய மகனுக்குப் பொற்காசுகள் பெற்றுக்கொண்டு பாவமன்னிப்பு அளிக்கிறார். தற்கொலை செய்துகொண்ட ஏழைப் பெண்ணுக்கு மறுக்கிறார். நிலத்தைப் பண்ணையார் விழுங்குகிறார், மீட்சியைத் திருச்சபை விலைக்கு விற்கிறது. அத்தகைய ஊரில் ஆவிகளுக்குச் சொர்க்கமும் இல்லை, நரகமும் இல்லை. முணுமுணுப்பு மட்டுமே மிஞ்சுகிறது. அவ்வூரின் கதையைத் தொடக்கமும் முடிவும் உள்ளதாகக் கோத்துச் சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். சுமாசெரோ குறையாகச் சுட்டிய சிதறலே நாவல் சொல்லவந்த சேதி.

அதை உணர மறுவாசிப்பு தேவைப்பட்டது. 1961இல் மெக்ஸிகோ வந்து சேர்ந்த காப்ரியேல் கார்சியா மார்க்கேஸிடம் நண்பர் ஆல்வரோ மூத்திஸ் இந்நூலைக் கொடுத்தார். அன்றிரவு இருமுறை வாசித்து முடித்த பின்னரே தாம் உறங்கியதாக மார்க்கேஸ் பின்னர் எழுதினார். அவருடைய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' 1967இல் வெளிவந்தது. போர்ஹெஸும் தமது இறுதிக்காலத்தில் தொகுத்த விருப்ப நூல் வரிசையில் ரூல்ஃபோவின் நாவலுக்கு இடமளித்தார்.

சோதனை முயற்சிகள் யாவும் இவ்விதம் காலத்தால் மீட்கப்படும் என்பதில்லை. வெறும் குழப்பமாகவே நின்றுபோனவை ஏராளம். ஆயினும் ஒரு நாவல் நம்மைத் திசையறியாது நிறுத்தும்போது, அத்திகைப்பு அந்நாவலின் உலகத்துக்கே உரியதா என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அதன் பிறகு நாம் சொல்லும் மறுப்பும் மதிப்புடையதாக இருக்கும்.